தரவுக் காப்பும் அதன் இருப்பிடமும்

ஒரு கல்லூரியின் செல்வங்களுட் கட்டடங்கள் எல்லார் கண்ணுக்கும் புலப்படுவன. மண்டபத்தைக் கட்டுவித்தவர் பெயர் கல்லிற் பொறிக்கப்பட்டிருக்கும். அங்ஙனம் புலப்படாது ஓர் அலுமாரிக்குள் அடங்கிக் கிடக்கும் செல்வம் ஒன்றுண்டு. அதுவே மாணவர் பதிவேடு. இன்னார் மகன் இன்னார், இன்ன நாளிற் பிறந்து, இன்ன நாளிற் சேர்ந்து, இன்ன வகுப்புவரை கற்று விலகினார் என்னும் இரண்டு வரிகளே அதில் ஒவ்வொருவர்க்கும் உரியன. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை இழந்த ஒருவர்க்கு அவ்விரண்டு வரிகள் சான்றாதல் உண்டு. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் கையிற் கொள்ளக்கூடியதைக் கொண்டு எஞ்சியதை விட்டுப் பெயர்ந்த காலத்தில், இத்தகைய ஏடுகளின் அருமையை நம்மவர் நன்குணர்ந்தனர்.

இந்நாளில் அப்பதிவேடு தாளினின்று கணினிக்கு மாறி வருகின்றது. தாளேட்டைப் பேணும் முறையை நாம் அறிவோம். கறையான் அணுகாமலும் மழைநீர் படாமலும் இரும்பலுமாரியில் வைத்துப் பூட்டினாற் போதும். கணினியேட்டைப் பேணும் முறை வேறு. "பிரதி எடுத்துவிட்டோம், இனி அச்சமில்லை" என்று அமைதி கொள்வோர் பலர். பிரதி எடுத்தல் பாதி வேலையே ஆகும். மூலம் எவ்விடத்தில் இருந்தது, பிரதியை எவ்விடத்தில் வைத்தோம், மீட்கும்போது எவ்விடத்தில் இறக்குவோம் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தெரிந்தாலன்றி அப்பிரதி காப்பு எனப்படாது. இவற்றை இயன்றவரை எளிமையாக விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். தமிழாசிரியர்க்குக் கணினியில் என்ன வேலை என வினவுவார் உளராயின், ஏடு பெயர்த்தெழுதுதலும் ஏடு காத்தலும் தமிழாசிரியரின் பழந்தொழில் என்பதே யாம் கூறும் விடை.

முதற்கண் தரவுத்தளம் என்பது யாது எனப் பார்ப்போம். ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகள் பலவற்றை ஒழுங்குபடுத்தி வைத்து, கேட்டபோது கேட்ட செய்தியை எடுத்துத்தரும் அமைப்பே தரவுத்தளம். உதாரணமாகப் பழைய மாணவர் சங்கம் ஒன்று தன் பதிவேட்டைக் கணினியில் அமைத்திருக்கின்றது எனக் கொள்வோம். பெயர்கள் ஓர் அட்டவணையில் உள்ளன. சந்தாக் கணக்கு இன்னோர் அட்டவணையில் உள்ளது. பழைய குழுப்படங்கள் மூன்றாவதில் உள்ளன. பயன்படுத்துவோர்க்கு இவை ஒரே ஏடாகத் தோன்றும். உள்ளேயோ, இவை வன்தட்டிலே கோப்புகளாகக் கிடக்கின்றன. படங்கள் மிகுந்த இடத்தைப் பிடிப்பன ஆதலின், அவற்றை மட்டும் பெரியதான இரண்டாந் தட்டில் வைத்து, ஏனையவற்றை விரைவாக இயங்கும் முதற் தட்டில் வைத்திருக்கின்றார்கள் எனவும் கொள்வோம். இடர் தொடங்குவது இங்கேதான்.

இலக்கணத்தில் ஆகுபெயர் என்பதை மாணவர் கற்றிருப்பர். "ஊர் திரண்டது" என்னுமிடத்து ஊர் என்னும் இடப்பெயர் ஆங்குள்ள மக்களுக்கு ஆகி வந்தது. இஃது இடவாகுபெயர். பேச்சு வழக்கில் இஃது அழகு தருவது. கணினியேட்டிலோ இதுவே மயக்கம் தருவது. "படங்கள் இரண்டாந் தட்டு" என்று பலகாலும் சொல்லி வரவே, இரண்டாந் தட்டுத்தான் படங்கள் என்னும் எண்ணம் வேரூன்றி விடுகின்றது. ஊரைவிட்டுப் பெயர்ந்த பின்னும் மக்கள் மக்களே. அவர்தம் பழைய முகவரிக்கு எழுதிய கடிதந்தான் போய்ச் சேராது. அதுபோலத் தரவு வேறு, தரவின் முகவரி வேறு. காப்புப் பிரதியினுள் தரவோடு பழைய முகவரியும் சேர்ந்து போய்விடுமாயின், புதிய இடத்தில் அதனைத் திறக்கும்போது கணினி அந்தப் பழைய முகவரியையே தேடும்.

இனி உண்மையான ஓர் அமைப்பைக் கொண்டு இதனை நோக்குவோம். போஸ்ட்கிறெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள் விலையின்றிக் கிடைப்பது. அமெரிக்காவிலே பேர்க்கிலி நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் 1986ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆராய்ச்சியின் வழியே வந்தது. 2005ஆம் ஆண்டு வெளியான அதன் 8.0 பதிப்பில் டேபிள்ஸ்பேஸ் என்னும் வசதி சேர்க்கப்பட்டது. அட்டவணைக் களஞ்சியம் என்று அதனைத் தமிழிற் கூறலாம். தட்டிலுள்ள ஒரு கோப்புறைக்கு ஒரு பெயர் சூட்டி, "இவ்வட்டவணையை இப்பெயருள்ள களஞ்சியத்தில் வை" எனப் பணிப்பதே அவ்வசதி. மேலே கண்ட உதாரணத்தில், இரண்டாந் தட்டிலுள்ள கோப்புறைக்குப் "படக்களஞ்சியம்" எனப் பெயரிடலாம்.

அது தொழிற்படும் முறை எளியது. தரவுத்தளத்துக்குத் தலைமைக் கோப்புறை ஒன்று உண்டு. அதனுள் ஒரு மூலையில் ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் ஒரு கைகாட்டி நாட்டப்பட்டிருக்கும். சந்தியில் நிற்கும் கைகாட்டி மரம் ஊரைச் சுட்டுவது போல, அது உண்மையான இடத்தைச் சுட்டி நிற்கும். அட்டவணை களஞ்சியத்தின் பெயரை மட்டுமே அறியும். கைகாட்டியே இடத்தை அறியும். ஆகவே பெயரை மாற்றாமல் இடத்தை மாற்றலாம். ஏட்டுச்சுவடியில் ஏடுகளுக்கு எண் இட்டிருப்பதை இதற்கு ஒப்பிடலாம். பன்னிரண்டாம் ஏடு எந்த வீட்டுப் பெட்டகத்திற் கிடந்தாலும் பன்னிரண்டாம் ஏடே. "தெற்கு வீட்டுப் பரணில் இடப்பக்கத்து ஏடு" என்று குறித்து வைத்திருப்பின், வீடு மாறிய அன்றே அக்குறிப்புப் பயனற்றுப் போகும்.

இத்தகைய தரவுத்தளத்தைப் பிரதி எடுக்க முற்படுவோர் கைக்கொள்ளும் வழிகள் மூன்று. அவற்றுள் இரண்டு நல்லன, ஒன்று தீயது.

தீயதை முதலிற் கூறுவோம். தலைமைக் கோப்புறையை மட்டும் அப்படியே இழுத்து வேறொரு தட்டில் இடுதல் அது. இதிற் களஞ்சியத்திலுள்ள படங்கள் வாரா. கைகாட்டி மட்டுமே வரும். களஞ்சியத்தை மட்டும் தனியே பிரதி எடுத்தாலும் பயனில்லை. அதிலுள்ள கோப்புகளை இன்னவை என அறிந்துகொள்ளும் குறிப்புகள் தலைமைக் கோப்புறையிலேயே உள்ளன. களஞ்சியம் வேறு தட்டில் இருந்தாலும் தளத்தின் பிரிக்கவியலாத உறுப்பு என்பதையும், அதனைத் தனியே காப்பெடுக்கவோ வேறொரு தளத்தோடு ஒட்டவோ இயலாது என்பதையும் போஸ்ட்கிறெஸ் கைநூலே எச்சரிக்கையாகக் கூறுகின்றது. அன்றியும், தளம் இயங்கிக் கொண்டிருக்கும்போது கோப்புகளை இவ்வாறு எடுப்பின், பாதி பழையதும் பாதி புதியதுமாகப் பொருந்தாத பிரதியே கிடைக்கும்.

நல்வழிகளுள் முதலாவது பெயர்த்தெழுதும் வழி. இதற்கான கருவிக்குப் பீஜீடம்ப் என்று பெயர். இது கோப்புகளைத் தூக்குவதில்லை. அட்டவணைகளை எங்ஙனம் அமைத்தல் வேண்டும், அவற்றுள் எவற்றை நிரப்புதல் வேண்டும் என்பவற்றைக் கட்டளைகளாக எழுதித் தருகின்றது. பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதுவதற்கு இஃது ஒப்பாகும். இப்பிரதியிற் களஞ்சியத்தின் பெயர் இருக்கும். அப்பெயர் சுட்டும் இடம் இராது. சங்கத்தின் கொழும்புக் கிளையிலே ஒரே தட்டுடைய கணினியில் இதனை மீட்கின்றோம் எனக் கொள்வோம். "படக்களஞ்சியம் என்றொன்று இங்கில்லை" எனக் கணினி பிழை கூறும். எனினும் வேலை தொடருமாயின், படங்கள் வழமையான இடத்திலேயே வந்து அமையும். பிழை கண்டவுடன் நிறுத்துக எனப் பணித்திருப்பின், மீட்பு அவ்விடத்திலேயே நின்றுவிடும். இவ்விடரை முன்கூட்டியே நீக்கக் "களஞ்சியப் பெயர்கள் வேண்டா" என்னும் தெரிவு ஒன்றுண்டு. அதனைக் கையாண்டால் யாவும் புதிய கணினியின் வழமையான இடத்தில் இறங்கும்.

ஒன்றை மறத்தல் ஆகாது. இக்கருவி ஒரு தளத்தின் உள்ளடக்கத்தை மட்டுமே எழுதும். களஞ்சியங்களின் பட்டியலும், தளத்தைக் கையாள உரிமை பெற்ற பயனர் பெயர்களும் இதில் அடங்கா. அவற்றையும் எழுதித்தருவது பீஜீடம்ப்ஓல் என்னும் இன்னொரு கருவி. அது களஞ்சியங்களின் பெயரோடு இடத்தையும் எழுதும். ஆதலின் மீட்பதற்கு முன்னர் அவ்விடங்களிற் கோப்புறைகளை அமைத்து வைத்தல் வேண்டும். கணினி தானாக அவற்றை அமைக்கமாட்டாது. வழமைக்கு மாறான களஞ்சியத்தைத் தன் இருப்பிடமாகக் கொண்ட தளம், அக்கோப்புறை இல்லாதவிடத்து உருவாகாது போய்விடும்.

இரண்டாவது நல்வழி, முழுவதையும் உள்ளவாறே எடுத்தல். இதற்குப் பீஜீபேஸ்பக்கப் என்னும் கருவி உதவும். தளம் இயங்கும்போதே, பொருத்தம் கெடாமல், தலைமைக் கோப்புறையையும் களஞ்சியங்கள் அனைத்தையும் இது பிரதி செய்யும். மிகப் பெரிய தளங்களுக்கு இதுவே ஏற்றது. ஆயின் இப்பிரதி அதே பெரும்பதிப்பு மென்பொருளில் மட்டுமே திறக்கும். இருப்பிடத்தைப் பற்றிய கவனமும் இங்கு மிக வேண்டும். வேறொன்றும் சொல்லாவிடின், களஞ்சியம் மூலத்தில் எம்முகவரியில் இருந்ததோ அதே முகவரியில் இங்கும் எழுதப்படும். மூலம் இருக்கும் அதே கணினியிற் பிரதி எடுப்போமாயின், அம்முகவரியில் உயிருள்ள தரவு ஏற்கெனவே குடியிருக்கும். கருவி வெறுமையல்லாத கோப்புறையில் எழுத மறுத்துவிடும். ஆகவே "பழைய இடம் இன்னது, புதிய இடம் இன்னது" என ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் இணை இணையாகச் சொல்லுதல் வேண்டும். இரண்டும் முழு முகவரிகளாக இருத்தல் அவசியம். பொதியாகக் கட்டி எடுப்பின், தலைமைக் கோப்புறை ஒரு பொதியாகவும் ஒவ்வொரு களஞ்சியமும் எண்ணாற் பெயரிட்ட வெவ்வேறு பொதியாகவும் வரும். எந்த எண் எந்த இடத்துக்குரியது எனக் காட்டும் சிறு பட்டியலும் உடன் இருக்கும். ஒரு பொதி குறையினும் ஏடு குறையே.

பிற மென்பொருள்களிலும் நெறி இதுவே. மைக்ரோசொவ்ட் நிறுவனத்தின் எஸ்கியூஎல் சேர்வரில், காப்புப் பிரதியைத் திறக்குமுன்னரே அதனுள் எந்தெந்தக் கோப்புகள் எந்தெந்த முகவரியிலிருந்து வந்தன எனக் கேட்டறியும் கட்டளை உண்டு. அதன் பின்னர் மீட்கும் கட்டளையோடு "மூவ்" என்னும் சொல்லைச் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் புதிய இடம் சுட்டலாம். "றிப்பிளேஸ்" என்னும் சொல்லைச் சேர்ப்போர் ஒரு நாழிகை நின்று சிந்தித்தல் நன்று. ஏற்கெனவே உள்ள கோப்பின்மேல் எழுதிவிடாமற் காக்கும் தடையை அச்சொல் நீக்கிவிடும். ஒறக்கிள் தளத்தில் மீட்குமுன் ஒவ்வொரு கோப்புக்கும் புதுப்பெயர் விதிக்கும் கட்டளை உண்டு. ஐபீஎம் நிறுவனத்தின் டீபீரூ தளத்தில் இதற்கு "திசைமாற்றிய மீட்பு" என்னும் பொருள்படத் தனிப்பெயரே வழங்குகின்றது. யாவும் பழைய முகவரியைப் புதிய முகவரியாக மாற்றுவதற்கென ஏற்பட்டனவே.

இதுவரை மூலத்தின் இடத்தையும் மீட்கும் இடத்தையும் பற்றிக் கூறினோம். இனிப் பிரதியை வைக்கும் இடத்தைப் பற்றிச் சில கூறுவோம். 2021 மார்ச் 10ஆம் நாள் அதிகாலையில், பிரான்ஸ் நாட்டு ஸ்ராஸ்பூர்க் நகரிலே ஓவீஎச் என்னும் நிறுவனத்தின் தரவு நிலையக் கட்டடம் ஒன்று தீக்கு முற்றாக இரையாயிற்று. அடுத்திருந்த கட்டடத்தின் ஒரு பகுதியும் எரிந்தது. வேறூரிற் பிரதி வைத்திருந்தோர் சில நாட்களில் மீண்டும் தம் பணியைத் தொடங்கினர். அதே வளாகத்திற் பிரதியையும் வைத்திருந்தோர் சிலர் மூலத்தையும் பிரதியையும் ஒருங்கே இழந்தனர். மூலத்தோடு ஒரே கூரையின்கீழ் இருக்கும் பிரதி, கை தவறி அழித்த எழுத்தை மீட்க உதவும். தீயினின்றும் வெள்ளத்தினின்றும் காக்க உதவாது.

2017 ஜனவரி 31ஆம் நாள் கிட்லாப் என்னும் நிறுவனத்தில் நிகழ்ந்ததோ வேறொரு பாடம். இந்நிறுவனம் பயன்படுத்தியதும் போஸ்ட்கிறெஸ் தளமே. இரு கணினிகளுள் இன்னதில் வேலை செய்கின்றோம் என்பதில் ஏற்பட்ட மயக்கத்தால், ஏறக்குறைய 300 கிகாபைற்றுத் தரவு மூலக் கணினியிலிருந்து அழிக்கப்பட்டது. நாள்தோறும் எடுக்கப்பட்ட பிரதியைத் தேடிச் சென்றபோது, அதற்கென ஒதுக்கிய சேமிப்பிடம் வெறுமையாகக் கிடந்தது. பிரதி எடுக்கும் கருவி 9.2 பதிப்பாகவும் தளம் 9.6 பதிப்பாகவும் இருந்தமையால், கருவி தொழிற்படாமலே நின்றிருந்தது. அதனை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் ஏற்கப்படாது போயின. முடிவில், ஆறு மணித்தியாலங்களுக்கு முன்னர் வேறொரு நோக்கத்துக்காகச் சோதனைக் கணினிக்கு எடுத்திருந்த பிரதியே கைகொடுத்தது. தம் குறையை அந்நிறுவனத்தார் மறையாது உலகறிய எழுதி வெளியிட்டமை பாராட்டற்குரியது. இடத்தைக் குறித்து வைத்தல் போதாது. அவ்விடத்தில் உண்மையிற் பொருள் இருக்கின்றதா எனச் சென்று பார்த்தலும் வேண்டும் என்பதே இதனால் நாம் அறிவது.

பிரதிகள் பல இடங்களில் இருத்தலின் பயனை நம் முன்னோர் வரலாறும் காட்டும். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றினார்கள். பழைய நூல்களைப் பதிப்பித்தபோது, வெவ்வேறிடங்களிற் கிடைத்த ஏடுகளைத் தேடிப் பெற்று ஒப்புநோக்கியே பாடம் கண்டார்கள். ஓரிடத்து ஏட்டைச் செல் அரித்திருப்பினும், வேறிடத்து ஏடு எஞ்சி நின்றது. அதற்கு மாறாக, 1981 மே 31ஆம் நாள் இரவு தீயிடப்பட்ட யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறிடத்திற் பிரதி இருந்த நூல்களைப் பின்னாளிலே தேடிப் பெற முடிந்தது. பிரதியற்ற சுவடிகள் போயினவே. 2005ஆம் ஆண்டு தொடங்கிய "நூலகம்" எண்ணிம நூலக முயற்சி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் கணினி வடிவிற் பேணி வருவதன் பெறுமதி இதனால் விளங்கும்.

இவற்றையெல்லாம் தொகுத்து, பதிவேடு பேணுவோர் கைக்கொள்ளத்தக்க நெறிகள் சிலவற்றைக் கூறுவோம்.

ஒன்று: தேவையின்றிக் களஞ்சியங்களைப் பெருக்கற்க. ஒரு தட்டில் அடங்கும் சிறு பதிவேட்டுக்கு வழமையான இடமே போதும்.

இரண்டு: களஞ்சியம் வைத்தே ஆகவேண்டுமாயின், அதன் பெயரைப் பொருளாற் சூட்டுக, இடத்தாற் சூட்டற்க. "படக்களஞ்சியம்" எங்குச் சென்றாலும் படக்களஞ்சியமே. "இரண்டாந்தட்டு" என்னும் பெயரோ, ஒரே தட்டுடைய கணினியிற் பொய்யாகும்.

மூன்று: ஒவ்வொரு பிரதியோடும் களஞ்சியங்களின் பெயர், இடம், மென்பொருளின் பதிப்பு, பயனர் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சேர்த்து வைக்க. அத்தாள் அக்கணினிக்குள் மட்டும் இருப்பின் பயனில்லை.

நான்கு: மூலத்தோடு சேர்த்து மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்களில், ஒன்றேனும் வேறூரில் இருத்தல் வேண்டும். பதிவேட்டில் உள்ளவை பிறருடைய சொந்த விவரங்கள் ஆதலின், வெளியூர் செல்லும் பிரதியை மறைகுறியாக்கிப் பூட்டுக. திறவுகோலைப் பிரதியோடு சேர்த்து வைத்தல் பூட்டாமைக்கு ஒப்பாகும். ஒருவரிடம் மட்டும் விட்டுவைத்தல் இழத்தற்கு ஒப்பாகும். நம்பத்தகுந்த இருவர் அறிந்திருத்தல் நன்று.

ஐந்து: தவணைக்கு ஒருமுறையேனும், மூலத்தோடு தொடர்பற்ற வேறொரு கணினியில் மீட்டுப் பார்க்க. மீட்டபின் பெயர்களின் தொகையை மூலத்தோடு ஒப்பிடுக. பத்துப் படங்களைத் திறந்து பார்க்க. இச்சோதனையிலே பழைய முகவரியைத் தேடித் தடுமாறும் பிரதி தன் குறையைத் தானே காட்டிவிடும். இடர் நேர்ந்த நாளில் அறிவதைவிட, இடரில்லா நாளில் அறிதல் மேல்.

யூபிலி கொண்டாடும் இவ்வேளையில், பழைய மாணவர் பலர் கணினித் துறையிலே கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் சிறந்து விளங்குகின்றனர். மண்டபத்துக்கும் விளையாட்டரங்குக்கும் பொருளுதவி வேண்டி அவர்களிடம் செல்கின்றோம். அவர்களும் மனமுவந்து ஈகின்றனர். பொருட்செலவு அதிகமில்லாத இன்னோர் உதவியையும் அவர்களிடம் வேண்டுகின்றோம். கல்லூரிப் பதிவேட்டின் பூட்டிய பிரதி ஒன்றைத் தம் ஊரிற் பொறுப்பேற்று வைத்திருந்து, தவணைக்கு ஒருமுறை தம் கணினியில் மீட்டுப் பார்த்து, "பெயர்கள் யாவும் உள்ளன" என்று ஒரு வரி எழுதியனுப்புவாராயின் அதுவே பேருதவி. உயர்தர வகுப்பிலே தகவல் தொழினுட்பம் பயிலும் மாணவர், ஆசிரியரின் மேற்பார்வையில் இச்சோதனையைப் பாடசாலையிலும் செய்து பழகலாம். பாடநூலிற் கற்ற தரவுத்தளம், தம் தந்தையரும் பேரரும் பெயர் பதிந்த ஏடாகக் கண்முன் நிற்கக் காண்பது அவர்க்கும் உவகை தருவதாகும்.